ஓய்வுக்கு நீல், குளிக்க ஹேவ்லாக்: அந்தமான் படகு, கடற்கரை, தங்குமிடம் ஒரு மதிப்பீடு

அந்தமானுக்கு விற்கப்படும் ஐந்து இரவுப் பயணத் தொகுப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதல் நாள் செல்லுலார் சிறை, மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக் தீவு, மூன்றாம் நாள் எலிஃபன்ட் கடற்கரை, நான்காம் நாள் நீல் தீவு, ஐந்தாம் நாள் திரும்பவும் போர்ட் பிளேயர், ஆறாம் நாள் விமானம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெட்டி கட்ட வேண்டும், ஜெட்டியில் வரிசையில் நிற்க வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அது சரி. கடலோரத்தில் நாலு நாள் சும்மா கிடக்கலாம் என்று வருகிறவர்கள் அந்த அட்டவணையைக் கையில் வாங்கவே வேண்டாம்.

ஓய்வுதான் நோக்கம் என்றால் கணக்கு இப்படி இருக்கட்டும்: நீல் தீவில் நான்கு இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு, கடைசி இரவு போர்ட் பிளேயரில். விடுப்பு குறைவாக இருந்தால் ஹேவ்லாக்கில் ஒன்றைக் குறைக்கலாம், தேவையானால் ஹேவ்லாக்கையே விட்டுவிடலாம். நீலில் மூன்றுக்குக் கீழே போனால் பயணத்தின் பயனே போய்விடும்.

பெயர்களில் ஒரு சின்னக் குழப்பம் வரும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் 'ஸ்வராஜ் த்வீப்' ஆனது, நீல் 'ஷஹீத் த்வீப்' ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆனது. டிக்கெட்டுகளிலும் இணையதளங்களிலும் பழைய பெயரும் புதிய பெயரும் கலந்தே வருகின்றன. அங்கே வாய்ப்பேச்சில் இன்னும் ஹேவ்லாக், நீல்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது தினசரி காலண்டர்

விமானக் கட்டணத்தைப் பார்த்துத் தேதி குறிப்பதுதான் வழக்கம். நீல் தீவைப் பொறுத்தவரை, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி எப்போது என்று பார்த்துவிட்டுப் பிறகு விமானத்தைப் பார்ப்பது நல்லது. காரணம் கடலின் ஏற்றமும் வற்றமும்.

ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. அந்த நேரங்கள் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு அதிகம். அந்தமானில் அது இரண்டு மீட்டர் அளவுக்குப் போகும். அஷ்டமி, நவமி நாட்களில் வேறுபாடு மிகவும் குறைந்துவிடும்.

நீலின் கரையோரம் பெரும்பாலும் பவளப்பாறைத் தளம். கடல் வற்றினால் பாறை வெளியே தெரியும்; கணுக்கால் அளவுத் தண்ணீரில் கூரான பவளத்துக்கு நடுவே நடக்கத்தான் முடியும், குளிக்க முடியாது. கடல் ஏறினால் அதே இடம் இளம்பச்சைக் குளம் போல நிரம்பிவிடும். நீலுக்குப் போய்விட்டு "படத்தில் பார்த்த மாதிரி இல்லையே" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் வற்ற நேரத்தில் போய் நின்றவர்கள்.

இந்தப் பகுதியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் கிட்டத்தட்டக் காலை 9, 10 மணி வாக்கில் ஏற்றம் வரும், பிற்பகல் 3, 4 மணி வாக்கில் வற்றம் வரும். ஓய்வெடுக்க வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை கிடையாது. காலையில் குளியல், மதியம் சாப்பாடும் தூக்கமும், பிற்பகலில் வற்றிய கடலில் நீலின் இயற்கைப் பாறைப் பாலம், அங்கிருந்து அப்படியே சூரியன் மறைவது. அஷ்டமியை ஒட்டிப் போனால் வரிசை தலைகீழாகும்: காலை 9, 10 மணிக்கு வற்றம், குளிக்க ஏற்ற தண்ணீர் பிற்பகலில்தான். வற்றமும் முழுதாக இருக்காது, பாறைப் பாலத்தின் அடியில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். எனவே அமாவாசை அல்லது பௌர்ணமி அன்றோ மறுநாளோ நீலில் இறங்குவது போல விமானம் எடுங்கள். போகும் நாட்களுக்கான துல்லியமான நேரத்தைப் போர்ட் பிளேயர் ஓத (ஏற்ற, வற்ற) அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; தங்குமிடத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

மாதம் என்றால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. மழை இல்லை, கடல் பெரும்பாலும் அமைதி, தண்ணீர் தெளிவு. டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் வாரமும் வானிலைக்குக் குறையில்லாத நாட்கள்தான், ஆனால் அறை வாடகை ஏறிவிடும், படகில் இடம் கிடைக்காது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அறை பாதி விலைக்குக் கிடைக்கலாம், ஆனால் படகு ரத்தானால் தீவிலேயே மாட்டிக்கொள்ள நேரிடும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் வாய்ப்பு இருக்கிறது. திரும்பும் தேதியைத் தள்ளிப்போட முடியாதவர்கள் அந்த மாதங்களைத் தவிர்க்கட்டும்.

படகு: எதை, எப்போது, எந்த இருக்கை

சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். கப்பலும் உண்டு, இரண்டரை முதல் மூன்று நாள் ஆகும். புறப்படும் தேதி முன்கூட்டியே உறுதியாகத் தெரியாததால் ஓய்வுப் பயணத்துக்கு ஒத்துவராது. இந்தியக் குடிமக்களுக்குப் போர்ட் பிளேயர், ஹேவ்லாக், நீல் மூன்றுக்கும் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. அடையாள அட்டையின் அசல் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

தீவுகளுக்கு இடையே இரண்டு வகைப் படகுகள். ஒன்று, தீவு நிர்வாகத்தின் கப்பல் சேவை இயக்ககம் நடத்துவது. மற்றது மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் படகுகள். போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் வேகப் படகு ஒன்றரை மணி நேரம் எடுக்கும். அரசுப் படகு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். நீல் இன்னும் பக்கம், சுமார் 37 கிலோமீட்டர். நீலுக்கும் ஹேவ்லாக்குக்கும் நடுவே தனியார் படகில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

தனியார் படகின் பலம், பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் டிக்கெட் எடுக்கலாம், இருக்கை எண்ணும் தெரியும். ஒரு பயணத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் முதல் வகுப்பைப் பொறுத்து இரண்டாயிரத்துக்கு மேலும் போகும். பலவீனம், பெரும்பாலானவை மூடிய ஏசி அறைகள். வெளியே நிற்க முடியாது, உப்புப் படிந்த கண்ணாடி வழியே கடல் மங்கலாகத்தான் தெரியும். கிரீன் ஓஷனில் திறந்த மேல்தளத்துக்குப் போக விடுவதால், காற்றுப் பட்டால் தலைசுற்றல் அடங்கும் என்கிறவர்களுக்கு அது பொருந்தும்.

அரசுப் படகில் கட்டணம் நன்றாகவே குறைவு. திறந்த தளம் உண்டு, தீவுவாசிகளோடு கோழி, காய்கறி மூட்டை எல்லாம் சேர்ந்து வரும். அந்தமானின் நிஜ வாழ்க்கையைப் பார்க்க அதைப்போல் இடமில்லை. ஆனால் முன்பதிவு பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன்புதான் திறக்கும், உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை; அது நியாயமும்கூட, ஏனென்றால் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அவர்களுக்கு அதுதான் பேருந்து. விமானத்தோடு இணையும் போக்கு, வரவு இரண்டையும் தனியாரில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நடுவில் நீலிலிருந்து ஹேவ்லாக் போகும் சின்னப் பயணத்துக்கு மட்டும் அரசுப் படகை முயன்று பாருங்கள். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் திட்டம் உடையாது.

இருக்கை விஷயத்தில் பலர் காசைக் கொட்டிக் கஷ்டத்தை வாங்குகிறார்கள். விலை கூடிய வகுப்பு பல படகுகளில் மேல்தளத்தில் இருக்கிறது. படகு ஆடும்போது உயரத்தில் இருப்பவருக்கு ஆட்டம் அதிகம், முன்முனையில் இருப்பவருக்கு ஏறி இறங்குவது அதிகம். குமட்டல் வரக்கூடியவர்கள் விலை குறைந்த கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கம் பார்த்து இடம் எடுப்பதே மேல். அவோமின் போன்ற மாத்திரையைப் படகு கிளம்பிய பிறகு போட்டுப் பயனில்லை. ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், அது தூக்கம் வரவைக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பிட்டதும் கூடாது. இரண்டு இட்லி போதும். படகில் கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதை நிறுத்தினாலே பாதிப் பேருக்குக் குமட்டல் வராது.

டிக்கெட்டில் எந்த ஜெட்டி என்று இரண்டு முறை பாருங்கள். அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்புகின்றன. தனியார் படகுகள் ஹட்டோவிலிருந்தும் கிளம்புகின்றன. இரண்டும் ஒரே ஊரில் இருந்தாலும் தவறான இடத்தில் இறங்கினால் பெட்டியோடு ஓடிப் படகைப் பிடிக்கிற தூரமில்லை. புறப்பட ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள்: பெயர்ப் பட்டியலில் சரிபார்ப்பு, பெட்டிகளுக்கு எக்ஸ்ரே, அப்புறம்தான் ஏற்றுவார்கள். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். இனிஷியலை ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் விரித்தும் எழுதுவது நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல். கைக்குழந்தையின் பெயரையும் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

போகும் நாளில், காலை 9 மணி வாக்கில் இறங்கும் விமானத்துக்கு மதியத்துக்குப் பிறகு கிளம்பும் படகைப் பொருத்தலாம். நடுவே மூன்று மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அங்கே மாலை 5, 5.30க்கு இருட்டிவிடுவதால் இரவில் பயணிகள் படகு ஓடாது. மதியப் படகு போனால் மறுநாள்தான். விமானம் 11 மணிக்கு மேல் இறங்கினால் அன்று போர்ட் பிளேயரிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலைப் படகைப் பிடிப்பது நிம்மதி. அபர்டீன் பஜார் பக்கம் இட்லி, தோசை, காபிக்குக் குறைவில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கும் குறைவில்லை.

எதை முதலில் பதிவு செய்வது? திதி, விமானம், படகு, கடைசியில் அறை. அறையைப் பெரும்பாலும் ரத்து செய்து மாற்றலாம். படகின் இருக்கை போனால் போனதுதான்.

முதலில் நீல், பிறகு ஹேவ்லாக் என்ற வரிசைக்கும் காரணம் உண்டு. ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேயர் திரும்பும் படகுகள் நீலைவிட அதிகம். வானிலையோ இயந்திரக் கோளாறோ ஒரு படகை நிறுத்தினால் அடுத்ததில் ஏறிக்கொள்ள அங்கே வாய்ப்பு கூடுதல்.

நீல்: எந்தக் கடற்கரை, எந்த நேரம்

நீல் சின்னத் தீவு, பதினான்கு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும். 1960களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட இடம்; ஊர்ப் பெயர்கள் ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர் என்று ராமாயணத்திலிருந்து வந்தவை. நெல்லும் காய்கறியும் விளைகிற தீவு இது, போர்ட் பிளேயர் சந்தைக்கே இங்கிருந்து காய்கறி போகிறது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு சைக்கிளில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், பாதை பெரும்பாலும் சமதளம். நாள் வாடகைக்கு சைக்கிளும் ஸ்கூட்டரும் ஜெட்டிப் பக்கமும் சந்தையிலும் கிடைக்கும். வாங்கும்போது பிரேக், முன்விளக்கு இரண்டையும் சோதித்துப் பாருங்கள். மாலை ஐந்தரைக்குத் திரும்பும்போதே விளக்கு தேவைப்படும். ஸ்கூட்டர் என்றால் தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்த்து, இருக்கும் கீறல்களைப் படம் எடுத்துக்கொண்டு வண்டியை எடுங்கள்.

பரத்பூர் கடற்கரை ஜெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீரின் நிறத்துக்கு நீலில் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை, ஒரு நாள் பயணமாக வருகிற கூட்டமும் கண்ணாடி அடிப் படகுகளும் மோட்டார் விளையாட்டுகளும் இங்கேதான். நீலில் தங்குகிறவருக்குக் கிடைக்கும் பெரிய லாபமே அவர்கள் வருவதற்கு முன்னும் போன பின்னும் உள்ள நேரம். ஏற்றம் 9 மணிக்கு என்றால் 7 மணிக்கே இறங்கிவிடுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், கரை காலியாக இருக்கும், இரண்டு மணி நேரம் தாராளமாகக் குளிக்கலாம். அடியில் பவளத் துண்டுகள் கிடப்பதால் வார் வைத்த ரப்பர் செருப்போ நீச்சல் காலணியோ அவசியம். பவளம் கிழித்த காயம் லேசில் ஆறாது. நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே துகள் இல்லை என்று பார்த்து மருந்து போடுங்கள், அன்று மறுபடி கடலில் இறங்க வேண்டாம்.

கண்ணாடி அடிப் படகில் ஏறுவதானால் உயிர்காப்பு அங்கியை மாட்டி, கொக்கிகளை இறுக்கிய பிறகுதான் படகு நகர வேண்டும். 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேயர் அருகே அளவுக்கு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். படகில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கைக்கு மேல் ஒருவர் ஏறினாலும் நீங்கள் இறங்கிவிடுங்கள், கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை.

லக்ஷ்மண்பூர் முதல் கடற்கரை மேற்குப் பக்கம், ஜெட்டியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வாக்கில். நீளமான வெள்ளை மணல், மரநிழல், கடைகள் மிகக் குறைவு. சும்மா கிடப்பதற்கென்றே அமைந்த இடம் இதுதான், சூரியன் மறைவதும் இங்கேதான். தண்ணீர் பாட்டிலும் ஏதாவது கொறிக்கவும் கையோடு கொண்டுபோய், குப்பையைக் கையோடு கொண்டுவாருங்கள்.

லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில்தான் அந்த இயற்கைப் பாறைப் பாலம் இருக்கிறது. வற்றத்தில் மட்டும் போகும் இடம்: அட்டவணையில் உள்ள வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கிளம்பி, தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் வெளியேறிவிடுங்கள். பாசி பிடித்த பாறையில் வழுக்கி விழுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் படிக்கட்டு முடியும் இடத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம். பாறைக் குழிகளில் கடல் அட்டை, நட்சத்திர மீன், சின்ன நண்டு எல்லாம் இருக்கும். வழிகாட்டி எடுத்துக் கையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடல் அட்டையும் பவளமும் ராட்சதச் சிப்பியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சட்டம் இருக்கட்டும், உள்ளங்கை மாறி மாறிப் போகும் உயிர் மறுநாள் வரை தாங்காது.

சீதாபூர் கிழக்கு முனை, ஜெட்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். சூரியன் உதிப்பதைப் பார்க்க. பருவத்தைப் பொறுத்து விடியல் 5 மணி, 6 மணிக்குள் முடிந்துவிடும், எனவே நாலரைக்கு எழ வேண்டி வரலாம். இங்கே அலையும் இழுப்பும் உண்டு, குளிக்கப் பரிந்துரைக்க மாட்டோம். ராம்நகர் கடற்கரை அமைதி, கூட்டமில்லை, வற்றத்தில் பாறை தெரியும்.

எல்லாக் கரையிலும் விடியலிலும் அந்தியிலும் மணல் ஈ கடிக்கும். கடிக்கும்போது தெரியாது, மறுநாள் சிவந்த புள்ளிகளாக அரித்து எடுக்கும். ஈர மணலில் நேரடியாகப் படுக்காமல் கெட்டியான விரிப்போ நாற்காலியோ பயன்படுத்துங்கள், காலில் தேங்காய் எண்ணெயைத் தடிப்பாகத் தடவுங்கள். சொறிந்தால் புண்ணாகும், அரிப்புக்கான மாத்திரையும் காலமைன் களிம்பும் ஊரிலிருந்தே எடுத்துப்போவது நல்லது, தீவு மருந்துக் கடையில் எல்லாம் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

அறை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

நீலில் மூங்கில் குடிசை முதல் ஏசி காட்டேஜ் வரை உண்டு. படத்தைப் பார்த்து எடுப்பதைவிடத் தொலைபேசியில் கேட்டு எடுப்பது மேல். மின்சாரம் டீசல் ஜெனரேட்டர் நிலையத்திலிருந்து வருகிறது, போவதும் உண்டு. விடுதிக்குச் சொந்த ஜெனரேட்டர் இருக்கிறதா, அது ஏசிக்கும் ஓடுமா என்று கேளுங்கள். மார்ச், ஏப்ரலில் நல்ல தண்ணீர் தட்டுப்பாடு வருவதுண்டு, அதையும் கேளுங்கள். காலி செய்யும் நேரம் நம் ஊர் போல் பகல் 12 இல்லை. பல விடுதிகளில் காலை 8 அல்லது 9 மணி. படகு பிற்பகலில் என்றால் அதுவரை பெட்டியை வைக்கவும் குளிக்கவும் இடம் தருவார்களா என்று முன்பே பேசிவிடுங்கள். ஜெட்டிக்கு வந்து அழைத்துப் போவார்களா என்பதும் ஒரு கேள்வி.

கைப்பேசித் தொடர்பு: சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி 2020 ஆகஸ்டில் செயல்பட்ட பிறகு போர்ட் பிளேயரும் ஹேவ்லாக்கும் மாறிவிட்டன. நீலில் இன்னும் வேகம் சுமார்தான். அங்கிருந்து வேலை பார்க்கலாம் என்று மடிக்கணினியோடு போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஏடிஎம்மை நம்பாமல் நான்கு நாளுக்கான ரொக்கத்தைப் போர்ட் பிளேயரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்; தொடர்பு போனால் யுபிஐயும் போகும்.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தைப் பக்கத்துச் சிறிய கடைகளில் மீன் தாலி: சோறு, பருப்பு, அன்று பறித்த காய், கடுகெண்ணெய் வாசத்தோடு ஒரு மீன் குழம்பு. கடுகெண்ணெய் பிடிக்காதவர்கள் முதலிலேயே சொன்னால் வேறு எண்ணெயில் செய்து தருவார்கள். இரவுக்குப் பெரிய மீன் சுட்டுத் தரச் சொல்வதானால் காலையிலேயே சொல்லி வையுங்கள். களவா, பாரை, சூரை எல்லாம் அன்று வந்ததைப் பொறுத்தது. எடை போட்டு, கிலோ விலை பேசிய பிறகே அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள். இரவு 9 மணிக்குக் கடைகள் அடங்கிவிடும்.

ஹேவ்லாக்: இரண்டு இரவு போதும்

ஹேவ்லாக்குக்குப் போக ஒரே பெரிய காரணம் ராதாநகர். ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், மேற்குக் கரை. அடியில் பவளமில்லை, முழுக்க மணல். அதனால் ஏற்றமோ வற்றமோ எந்த நேரத்திலும் குளிக்கலாம். நீலில் கிடைக்காதது இதுதான். 2020இல் இந்தியாவில் நீலக்கொடிச் சான்று (தூய்மை, பாதுகாப்புக்கான சர்வதேசச் சான்று) பெற்ற முதல் எட்டுக் கடற்கரைகளில் இதுவும் ஒன்று. உடை மாற்ற இடம், கழிப்பறை, உயிர்காப்பாளர்கள் எல்லாம் உண்டு. பிற்பகல் 3 மணிக்கு மேல் அத்தனை தொகுப்புப் பயணிகளும் இங்கே வந்து சேர்வார்கள். காலை 7 முதல் 10 வரை போங்கள், அதே கடற்கரை வேறு கடற்கரையாக இருக்கும்.

வலப்புறம் ஓரத்துக் கழிமுகக் குட்டையை விட்டு விலகியே இருங்கள். 2010இல் இப்பகுதியில் உவர்நீர் முதலை தாக்கி ஒரு வெளிநாட்டுப் பயணி இறந்தார். எந்தத் தீவிலும் ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்தி மரங்கள் நிற்கும் இடம் ஆகியவற்றில் இறங்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை மீறவே கூடாது.

தங்குமிடங்களில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், மூன்றாம், ஐந்தாம் எண் கடற்கரைகளில். "கடற்கரையோர அறை" என்று கூடுதல் விலை வைப்பது இங்கேதான். வற்றத்தில் கடல் நூறு, இருநூறு மீட்டர் பின்வாங்கி, பாறையும் சேறும் கலந்த தரை தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் தூரம் போகும். விடியலைப் பார்க்க அழகு, குளிக்க உதவாது. கடலைப் பார்த்த அறைக்குக் கொடுக்கும் கூடுதல் காசை ராதாநகர் போய்வர ஸ்கூட்டருக்கோ ஆட்டோவுக்கோ வைத்துக்கொள்ளலாம்.

எலிஃபன்ட் கடற்கரைக்குப் படகில் அரை மணி நேரத்துக்குள் போகலாம், கரையிலேயே பவளம் பார்க்கலாம். ஆனால் அது வரிசையும் டோக்கனுமாக ஓடும் இடம், ஓய்வுக்கு ஒத்துவராது. ஸ்கூபா ஆசை இருந்தால் முதல் நாளே செய்துவிடுங்கள். குறைந்தபட்ச வயது 10. சளி, காதடைப்பு, ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விடுங்கள். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் அது குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும்.

திரும்பும் நாள்

காலைப் படகில் வந்து மதிய விமானத்தைப் பிடிக்கிற திட்டம் பத்தில் எட்டு முறை பலிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பலிக்காத முறை குடும்பத்துக்கே புது விமான டிக்கெட் எடுக்க வேண்டும், அதுவும் கடைசி நேர விலையில். அதற்குப் பதில் முந்தைய நாள் காலை அல்லது மதியப் படகில் வந்து போர்ட் பிளேயரில் தங்கிவிடுங்கள். செல்லுலார் சிறைக்கு அந்த மாலை சரியாக இருக்கும். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அன்றிரவே எல்லாப் பைகளையும் கவிழ்த்து உதறுங்கள், குறிப்பாகக் குழந்தைகளின் பைகளை. கரையில் பொறுக்கிய பவளத் துண்டோ சிப்பியோ இருந்தால் விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்துவிடும், பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், வழக்கு வரைக்கும் போகலாம். சிப்பிப் பொருள் வாங்க ஆசை என்றால் சாகரிகா போன்ற அரசு விற்பனை நிலையத்தில் வாங்கி, ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.